அணி களைந்த முகம்
(அமிர்தா ஷெர்கிலின் ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தை முன்வைத்து, இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிஞர்கள் கூடியிருக்கும் அவையில் ஓவியத்தைப் பற்றிப் பேசத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. கவிதைக்கும் ஓவியத்துக்கும் பொதுவான ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அதுதான் ‘அணி’. பெண் பூண்டால் அது நகை. செய்யுள் பூண்டால் அது உவமை, உருவகம் முதலிய அலங்காரம். தண்டியலங்காரம் படித்த நாம் அணியைச் சேர்க்கும் முறையை நன்கு அறிவோம். அணியைக் களைந்த பின் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை நாம் அவ்வளவாக எழுப்பிக்கொள்வதில்லை. அக்கேள்வியை எழுப்பும் ஓர் ஓவியத்தின் அச்சுப்படியைத்தான் இம்மேடையின் முன் வைத்திருக்கிறோம். மூல ஓவியம் புதுதில்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் பெயர் ‘மூன்று பெண்கள்’. ஆண்டு 1935. தீட்டியவர் அமிர்தா ஷெர்கில். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

ஓவியரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமிர்தா 1913ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் அங்கேரி நாட்டின் புடாபெசுட்டு நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷெர்கில், வடமொழியும் பாரசீகமும் கற்ற பஞ்சாபியர், ஒளிப்படக்கலையில் தோய்ந்தவர். தாயார் அங்கேரியர், இசை வல்லவர். 1921இல் குடும்பம் சிம்லாவுக்கு வந்தது. 1929இல் ஓவியம் கற்கப் பாரிசுக்கு அனுப்பப்பெற்ற அமிர்தா, அங்குள்ள நுண்கலைப் பள்ளியில் லூசியன் சிமோனிடம் பயின்றார். 1932இல் தீட்டிய ‘இளம்பெண்கள்’ என்ற படம் மறு ஆண்டே பாரிசு ஓவியக் காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. பாரிசிலேயே தங்கியிருந்தால் புகழும் பொருளும் வந்திருக்கும். ஆனால் 1934ஆம் ஆண்டின் இறுதியில் அவர் இந்தியாவுக்குத் திரும்பினார். தம் ஓவியத்துக்கு உரிய மண் இதுவே என்ற உறுதி அவருக்கு இருந்தது. திரும்பி வந்தபின் அவர் தீட்டிய முதல் பெரும் படைப்புகளுள் ஒன்று இந்த ‘மூன்று பெண்கள்’. இதற்கு 1937இல் பம்பாய்க் கலைக் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1941ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள், இலாகூரில், இருபத்தெட்டே வயதில் அவர் மறைந்தார்.

இனி ஓவியத்தைப் பார்ப்போம்.

மூன்று இளம்பெண்கள் நெருங்கி அமர்ந்திருக்கிறார்கள். தோளோடு தோள் உரசும் அளவுக்கு நெருக்கம். ஆயினும் ஒருத்தி மற்றொருத்தியைப் பார்க்கவில்லை. மூவருள் ஒருத்தியும் நம்மைப் பார்க்கவில்லை. இமைகள் தாழ்ந்திருக்கின்றன. வாய் மூடியிருக்கிறது. கைகள் எந்த வேலையும் இன்றி ஓய்ந்து கிடக்கின்றன. சிவப்பும் பச்சையும் மண்நிறமுமாக உடைகள். பின்னால் வெறுமையான பழுப்புப் பரப்பு. அங்கே சாளரம் இல்லை, திரை இல்லை, பூந்தொட்டி இல்லை. இது யாருடைய வீடு, எந்த ஊர், என்ன நேரம் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

முதல் பார்வையில் ஏமாற்றம் தரும் படம் இது. “இதில் என்ன அழகு இருக்கிறது?” என்று நம் அவையினர் ஒருவர் சற்றுமுன் மெல்லக் கேட்டதும் என் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். பெண்ணின் ஓவியம் என்றதும் நம் கண் எதிர்பார்ப்பது ஒன்று. இந்தப் படம் தருவது வேறொன்று. அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண வேண்டும்.

ஓசூரிலிருந்து பெங்களூர் வழியாக மைசூருக்குச் செல்வோர், ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்தில் ராஜா ரவிவர்மாவின் ‘இசைக் கலைஞர் கூட்டம்’ என்ற புகழ்பெற்ற ஓவியத்தைக் காணலாம். 1889ஆம் ஆண்டளவில் மைசூர் மன்னருக்காகத் தீட்டப்பெற்றது. பதினொரு பெண்கள். இந்தியாவின் வெவ்வேறு பகுதிகளையும் சமூகங்களையும் சேர்ந்தவர்கள். ஒவ்வொருத்தியின் புடவையும் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது, சரிகை மின்னுகிறது, நகையின் கல்லில் ஒளி தெறிக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் அத்தகைய தேர்ச்சி பெற்ற இந்தியர் அவருக்கு முன் அரியர். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தின் வழியாகத் திருமகளும் கலைமகளும் எளியோர் வீட்டுச் சுவர்களுக்கும் வந்து சேர்ந்தனர். கோயிலுக்குள் நுழைய இயலாதவர்க்கும் இறையுருவைக் கைக்கெட்டச் செய்த பெருமை அப்படங்களுக்கு உண்டு. அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். அந்தப் பதினொருவரையும் நாம் எதனால் வேறுபடுத்தி அறிகிறோம்? உடையால், நகையால், கையிலுள்ள இசைக்கருவியால். அவற்றை நீக்கிவிட்டால் அவர்களை அடையாளம் காட்டப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதாவது, அங்கே பெண் தன் அணியால் அறியப்படுகிறாள். நாட்காட்டிகளும் திரைப்படச் சுவரொட்டிகளும் துணிக்கடை விளம்பரங்களும் அந்த வழக்கத்தையே தொடர்ந்தன. நம் கண் பழகியது அங்கேதான்.

ஷெர்கில் அந்தப் பழக்கத்தை முறித்தார். ரவிவர்மாவின் வழியும் அவருக்கு உடன்பாடன்று. அதற்கு மாற்றாக எழுந்த வங்கப் பாணியின் மென்மைக் கனவும் உடன்பாடன்று. பாரிசில் பால் கோகெனின் ஓவியங்களிலிருந்து அவர் கற்றது உருவை எளிமையாக்கும் துணிவு. மடிப்புகளைக் குறைத்து, நுணுக்கங்களை விலக்கி, பெரும் வண்ணப் பரப்புகளால் ஓர் உடலை நிறுத்துவது அம்முறை. இந்தியாவில் அவர் தேடியது அந்த எளிமைக்கு இந்த மண்ணிலிருந்த வேர். 1936ஆம் ஆண்டின் இறுதியில் அசந்தாவைக் கண்டார், அங்கிருந்து தெற்கே வந்து கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களைக் கண்டார், கன்னியாகுமரிவரை சென்றார். அப்பயணத்தின் விளைவாகவே 1937இல் ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரமச்சாரிகள்’, ‘தென்னிந்தியக் கிராமத்தினர் சந்தைக்குச் செல்லுதல்’ ஆகிய மூன்று பேரோவியங்கள் பிறந்தன.

தம் மதிப்பை அவர் அறிந்திருந்தார் என்பதற்கும் ஒரு செய்தி சொல்லலாம். 1935இல் சிம்லாவின் நுண்கலைக் கழகம் அவர் அனுப்பிய படங்களுள் சிலவற்றைக் காட்சிக்கு ஏற்க மறுத்துவிட்டு, ஏற்ற படம் ஒன்றுக்குப் பரிசு அறிவித்தது. அவர் அந்தப் பரிசை ஏற்கவில்லை.

நவீன ஓவியம் என்றாலே சிதைந்த உருவம், புரியாத கோடு என்று ஒதுங்குவோர் உளர். அவர்கள் தமிழ்க் கவிதை படித்தவர்களாயின் அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஓர் எடுத்துக்காட்டு. 1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீசு தம் மனைவியின் உருவத்தைத் தீட்டினார். நெற்றியிலிருந்து மூக்கின் வழியே கீழே இறங்கும் ஒரு பச்சைக் கோடு முகத்தை இரண்டாகப் பகுக்கிறது. ஒருபுறம் ஒளி, மறுபுறம் நிழல். அந்தப் படத்துக்கே ‘பச்சைக் கோடு’ என்று பெயர் நிலைத்துவிட்டது. மனித முகத்தில் பச்சை நிறமா என்று பாரிசு திகைத்தது. நாம் திகைக்கலாமா? தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் பசலை ஊர்ந்ததை ஈராயிரம் ஆண்டுகளாகப் படித்துவரும் மரபினர் நாம். வள்ளுவர் அதற்கென்றே ‘பசப்புறுபருவரல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். பசலை எந்த மருத்துவரும் காணும் நிறமன்று. அது மனத்தின் நிறம் மேனியில் ஏறியது. மத்தீசின் நோக்கம் வேறு. அவர் வண்ணத்தைக்கொண்டே ஒளியையும் நிழலையும் கட்ட முயன்றார். ஆயினும், உள்ளபடி இருக்கும் நிறத்தை விட்டு உணரப்படும் நிறத்தைத் தேர்வது கலைக்கு உரிமையானது என்பதை நம் புலவர்கள் முன்பே அறிந்திருந்தனர்.

‘மூன்று பெண்கள்’ ஓவியத்தை அகப்பாடலின் கண்கொண்டு பார்க்கலாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். இரண்டு பொருத்தங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது, பெயர் கூறாமை. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியலின் விதி. பெயர் வந்துவிட்டால் பாடல் ஒருவருடைய வரலாறாகச் சுருங்கிவிடும். பெயர் இல்லாதபோது அந்த உணர்வு எல்லார்க்கும் உரியதாகிறது. இப்படத்துக்காக அமர்ந்தவர்கள் ஓவியரின் உறவுக் குடும்பத்துப் பெண்களே. அவர்களுக்குப் பெயர் உண்டு, குடிப்பெருமையும் உண்டு. ஓவியம் அவற்றுள் ஒன்றையும் நமக்குச் சொல்வதில்லை. வெறும் ‘மூன்று பெண்கள்’ என்கிறது. இன்னார் மகள் என்பது போய், மணவயதில் நிற்கும் மகள் என்பது மட்டும் எஞ்சுகிறது.

இரண்டாவது, மெய்ப்பாடு. உள்ளத்து நிகழ்வது உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக எட்டினைக் கூறினார். இப்பெண்களின் முகத்தில் இருப்பது அந்த எட்டனுள் எது? அழுகை என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கண்ணீர் இல்லை. அச்சம் என்றால், ஒடுங்கிய உடல் இல்லை. வெகுளியோ, அது வெளிப்படவே இல்லை. உணர்ச்சி வெளிவருவதற்கு முந்திய நிலையில் இவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். தம்மைப் பற்றிய ஒரு முடிவு வேறோர் அறையில் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்க, அதைக் கேட்பதற்கு அழைக்கப்படும்வரை காத்திருப்பவர்களின் முகம் இது. இவ்வாறு நான் படிக்கிறேன். நீங்கள் வேறு விதமாகவும் படிக்கலாம்.

இங்கே பத்துப்பாட்டின் நெடுநல்வாடையை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. நூற்று எண்பத்தெட்டு அடிகள் கொண்ட அப்பாட்டில் நக்கீரர் ஓர் அரசியைக் காட்டுகிறார். அரசன் பாசறையில் இருக்கிறான். இவள் யானைத் தந்தக் கால்கள் பொருந்திய பெருங்கட்டிலில் இருக்கிறாள். முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலி ஒன்றே தொங்குகிறது. பெருங்குழைகளைக் கழற்றிவிட்டதால் காதில் சிறு கடுக்கன்கள் மட்டும். பொன்வளை கிடந்து அழுத்திய தழும்பு முன்கையில் தெரிகிறது. அந்தக் கையில் சங்கு வளையும் காப்பு நூலும் மட்டும். உடுத்திருப்பது மாசேறிய நூலாடை. இப்படி ஒவ்வோர் அணியாகக் களைந்து காட்டிய பின்னர், வண்ணம் தீட்டப்பெறாத கோட்டோவியம் போன்று அவள் இருந்தாள் என்கிறார் புலவர்.

நண்பர்களே, இந்த உவமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அரசியை நிலவுக்கோ கொடிக்கோ ஒப்பிட நக்கீரர்க்குச் சொல் பஞ்சமில்லை. அவர் அவளை முற்றுப்பெறாத ஓர் ஓவியத்துக்கு ஒப்பிட்டார். அதோடு நிற்கவில்லை. அந்த அரசி கட்டிலின் மேல் விதானத்தை அண்ணாந்து பார்க்கிறாள். மெழுகு பூசிய துணியில் வானத்து மீன்களும் திங்களும் தீட்டப்பெற்றிருக்கின்றன. திங்களைப் பிரியாத உரோகிணியைக் கண்டதும் அவளுக்குப் பெருமூச்சு எழுகிறது. கடைக்கண்ணில் தேங்கிய நீரை விரலால் எடுத்துத் தெறிக்கிறாள். தானே ஓவியமாக இருப்பவள் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் தன் நிலையை உணர்கிறாள். ஓவியத்தைச் சுவைப்பது என்பதன் பொருளை இதைவிடத் தெளிவாகச் சொன்ன இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. விதானத்தின் வேலைப்பாட்டை அவள் வியக்கவில்லை. ‘அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை’ என்று உணர்கிறாள்.

நக்கீரர் உவமையைக் கைவிடவில்லை என்பதையும் கருத வேண்டும். அணியே கூடாது என்பது என் வாதமன்று. கண்ணால் கண்டபின் பிறக்கும் உவமை வேறு. காண்பதைத் தவிர்ப்பதற்காக எடுத்துப் போர்த்தும் உவமை வேறு. முன்னது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே பொருந்தும். பின்னது எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். எனவே ஒருத்திக்கும் பொருந்தாது.

ஷெர்கிலின் ஓவியத்தின் மீது எழுப்பப்படும் ஒரு தடையையும் சொல்லி ஆக வேண்டும். செல்வக் குடியில் பிறந்து பாரிசில் பயின்ற ஒருவர் இந்திய மக்களின் துயரத்தை அழகுப் பொருளாக்கிவிட்டார் என்பது அது. அவருடைய மலைவாழ் மக்களையும் ஏழை அன்னையரையும் பற்றிய சில படங்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தும் என்றே நானும் கருதுகிறேன். பசித்தவர்களின் மெலிந்த உருவில் ஓர் அமைதியைக் கண்டு நிறைவுறும் போக்கு அவற்றில் உண்டு. ஆனால் ‘மூன்று பெண்கள்’ அந்தக் குற்றச்சாட்டுக்குள் அடங்காது. இவர்கள் ஏழைகள் அல்லர். உண்ண உணவும் உடுக்க நல்லாடையும் உள்ள குடும்பத்தினர். அப்படியிருந்தும் இந்தத் துயரம் ஏன்? இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டிய நிலைக்கு ஓவியம் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. வறுமையைக் காரணம் காட்டித் தப்பிக்கும் வழி இங்கே அடைபட்டிருக்கிறது. 1937இல் அவர் தீட்டிய ‘மணமகள் அலங்காரம்’ படத்தில், தோழியர் சூழ ஒப்பனை செய்யப்படும் மணமகளின் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்க்கு, இம்மூவரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது ஒருவாறு விளங்கும்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன்.

ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனின் கல்லை நீங்கள் வயல்வரப்பில் பார்த்திருப்பீர்கள். அவற்றோடு மாஸ்திக்கல் என்ற ஒரு வகையும் உண்டு. கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு நட்ட கல் அது. கன்னட நாட்டிலும் அதை ஒட்டிய நம் எல்லைப்புறத்திலும் இதற்கென ஓர் அடையாளம் இருந்தது: முழங்கையில் மடங்கி மேல்நோக்கி உயர்ந்த ஒரு கை, அந்தக் கையில் வளையல்கள். சில கற்களில் பெண்ணின் உருவமே இராது. அந்தக் கை மட்டும் இருக்கும். சுமங்கலியாகவே போனாள் என்பதற்கு வளையல் சான்று. அங்கே அணி எஞ்சிவிட்டது, முகம் எஞ்சவில்லை. அந்தப் பெண்ணுக்கு எத்தனை வயது, அவள் அஞ்சினாளா, பின்வாங்க நினைத்தாளா என்று அந்தக் கல்லிடம் கேட்க முடியாது. நெடுநல்வாடை அரசியின் கையில் வளை கழன்று தழும்பு தெரிந்தது. அந்தத் தழும்பின் வழியே அவள் மனம் தெரிந்தது. மாஸ்திக்கல்லில் வளை மட்டுமே தெரிகிறது. ஒரு பெண்ணை உருவாக்கிக் காட்டுவதற்கு நம் முன் இருக்கும் இரண்டு வழிகளும் இவைதாம்.

நம் வட்டத்தின் கவிதைகள் எந்த வழியில் செல்கின்றன? விழாநாளில் கேட்கத்தக்க கேள்வி என்றே இதை எண்ணுகிறேன். பத்தாண்டுகளில் இங்கே படிக்கப்பெற்ற கவிதைகளில் பெண் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வந்திருக்கிறாள். ஒன்று, காதலி. அவளுக்குக் கண் உண்டு, கூந்தல் உண்டு, சிரிப்பு உண்டு. மற்றொன்று, தாய். அவளுக்குத் தியாகம் உண்டு, கைமணம் உண்டு, கண்ணீர் உண்டு. முன்னவள் நிலவாகிறாள், பின்னவள் தெய்வமாகிறாள். இருவரும் நம் தெருவில் நடப்பதில்லை.

வகுப்பில் ஒருமுறை மாணவியரிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். ‘உங்கள் அம்மா எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும்? பத்து வரி எழுதுங்கள்’ என்றேன். அரைமணி நேரம் கழித்துத் தாள்களை வாங்கிப் பார்த்தால், பாதிப்பேர் அம்மாவின் உழைப்பைப் பற்றியே எழுதியிருந்தனர். சிலர் ஒன்றும் எழுதவில்லை. ஒரு மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: அம்மா சும்மா இருந்து நான் பார்த்ததில்லை என்று. பதினெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த முகம்! அதை வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க அவர்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. ஷெர்கில் அந்த மூன்று பெண்களின் கையிலிருந்து ஊசியையும் முறத்தையும் புத்தகத்தையும் எடுத்துவிட்டு வெறுங்கையோடு உட்காரவைத்ததன் ஆழம் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. வேலை என்பதும் ஒருவகை அணியாகி முகத்தை மறைத்துவிடுகிறது.

இன்று நம் பகுதி வேகமாக மாறிவருகிறது. கேழ்வரகும் தக்காளியும் விளைந்த நிலங்களுக்கு அருகே தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் விடுதிகளில் தங்கி, கைப்பேசிக்கு உறுப்புகள் செய்யும் பணிக்குச் செல்கிறார்கள். பணிமுறை மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகளின் சாளரங்களில் அந்த முகங்களை நீங்களும் பார்க்கிறீர்கள். அவர்களைப் பற்றி நம்மவர் எழுதிய கவிதைகளையும் படித்திருக்கிறேன். ‘இயந்திரத்தில் சிக்கிய பூக்கள்’ என்ற வகையில் அவை இரங்குகின்றன. இரக்கம் நல்லதே. ஆனால் அந்தப் பெண்களுள் ஒருத்தி தம்பியின் படிப்புக்குப் பணம் அனுப்புவதில் பெருமிதம் கொண்டிருக்கலாம். ஒருத்தி ஊரில் பேசப்படும் திருமணத்திலிருந்து தப்பி வந்திருக்கலாம். ஒருத்திக்குத் தூக்கம் வந்திருக்கலாம், அவ்வளவே. பூ என்று சொன்ன மறுகணம் இவை அனைத்தும் மறைந்துவிடுகின்றன. இரக்கமும் அணியாகக்கூடும்.

ஷெர்கிலின் மூன்று பெண்களுக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு, அதையும் மறைக்கலாகாது. அவர்கள் வீட்டுக்குள் காத்திருந்தார்கள். இவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். இவர்கள் கையில் சம்பளம் இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் துயரத்தை இவர்கள் முகத்தில் அப்படியே ஒட்டவைப்பது, பழைய உவமையை ஒட்டவைப்பது போன்ற பிழையாகவே முடியும். ஷெர்கிலிடம் நாம் கொள்ள வேண்டியது அவர் கண்ட துயரத்தை அன்று. அவர் கண்ட முறையை. தெரிந்த அடைமொழிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, எதிரே இருப்பவள் தன்னை வெளிப்படுத்தும்வரை பொறுத்திருக்கும் முறை அது.

நவீன ஓவியமும் நவீனத் தமிழ்க் கவிதையும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1959இல் ‘எழுத்து’ இதழ் தொடங்கியபின் புதுக்கவிதை வேரூன்றியது. சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்து ஓர் ஓவியத் தலைமுறையை வளர்த்ததும், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானதும் அந்தக் காலப்பகுதியிலேதான். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் சிற்றிதழ்களின் பக்கங்களில் கவிதைகளுக்கு அருகே இடம்பெற்றன. அந்த உறவு இடையில் தளர்ந்துபோனது நமக்கு இழப்பு.

அந்த உறவைப் புதுப்பிக்க நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூரில் அரண்மனைச் சாலையிலுள்ள மாணிக்கவேலு மாளிகையில் 2009ஆம் ஆண்டுமுதல் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் கிளை இயங்கிவருகிறது. ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அனைவரும் சேர்ந்து போவோம். அங்கே தொங்கும் படங்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டா. ஒவ்வொருவரும் ஒரு படத்தின் முன் கால்மணி நேரம் நிற்போம். முதல் ஐந்து நிமிடத்தில் படத்தில் உள்ளவற்றை எண்ணுவோம். அடுத்த ஐந்து நிமிடத்தில் அங்கே இருக்கக்கூடும் என்று நாம் எதிர்பார்த்து, இல்லாமற்போனவற்றை எண்ணுவோம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றும் எண்ணாமல் நிற்போம். பிறகு வீடு திரும்பி, யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவர் எதிரே அதே கால்மணி நேரம் அமர்வோம். அந்தப் பயணத்துக்கு நம் வட்டத்தின் பெண் உறுப்பினர்களையும் மறவாமல் அழைக்க வேண்டும். தன்னைத் தானே வரைந்துகொண்ட பெண்ணின் ஓவியம் எப்படி இருக்கும் என்பதற்கு அமிர்தாவின் தன்னுருவ ஓவியங்கள் பல சான்றாக உள்ளன. நம் பகுதியின் பெண்கள் தம்மைத் தாமே எழுதும் கவிதைகள் அடுத்த பத்தாண்டு மலரில் இடம்பெறட்டும்.

ஷெர்கிலின் படைப்புகள் 1976இல் தேசியக் கலைச்செல்வமாக அறிவிக்கப்பெற்றன. 1978இல் அவருடைய ‘மலைப்பெண்கள்’ ஓவியம் அஞ்சல்தலையாக வெளிவந்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘கதைசொல்லி’ என்ற அவருடைய ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனபோது நாளிதழ்கள் எல்லாம் அவரைப் பற்றி எழுதின. விலை பற்றிய வியப்பு சில நாளில் அடங்கிவிடும். தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் அந்த மூவரோ இன்னும் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாம் முழுமையாகப் பார்க்கத் தொடங்கினால் ஒருவேளை அவர்கள் நிமிரக்கூடும் என்ற எண்ணத்தை அந்த ஓவியம் ஒவ்வொரு முறையும் எனக்குத் தருகிறது.